அண்ணை உடைத்த அணைகளும் எங்கள் வம்சாவளிப் பக்கமும்

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான இந்தக் கல்வெட்டை மண்டபத்தில் கையில் வாங்கியதும் நீங்கள் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணையின் படத்தை ஒரு கணம் பார்ப்பீர்கள். தேவாரப் பக்கத்தைத் தாண்டுவீர்கள். பிறகு நேராக வம்சாவளிப் பக்கம். உங்கள் பெயர் இருக்கிறதா, மருமகனின் பெயரில் எழுத்துப் பிழையா, கடைசியாகப் பிறந்த பேரப்பிள்ளை விடுபட்டுப் போனதா என்று விரல் வைத்துப் பார்ப்பீர்கள். குறை சொல்லவில்லை. நானும் யாருடைய கல்வெட்டை வாங்கினாலும் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இறந்தவரைப் பற்றி வாசிப்பேன்.

அண்ணையின் வம்சாவளிப் பக்கத்தால் எங்கள் வீட்டில் மூன்று வாரமாகச் சண்டை. அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் வாழும் பழங்குடிப் பெண் ஒருவரின் பெயரை உடன்பிறந்தோர் வரிசையில் சேர்க்க வேண்டும் என்கிறார் அண்ணி. சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. அண்ணைக்கு நான் ஒரே தங்கை. அந்த இடத்தைப் பங்கு போட எனக்கு மனமில்லை. இதை எழுத உட்காரும் இந்த நேரத்திலும் அந்தப் பக்கம் முடிவாகவில்லை. திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துத் தர ஏலாது என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார். அண்ணையைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டதால் எழுதுகிறேன். எழுதும்போது என் குணமும் சேர்ந்துதான் வரும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை கிளிநொச்சியில் பிறந்தவர். எங்கள் அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தார். குளத்தின் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவதும், போதும் என்றதும் பூட்டுவதும் அவருடைய பொறுப்பு. அண்ணைக்கு ஆறு வயதாக இருக்கும்போது நான் பிறந்தேன். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அவருக்குப் பதினேழு. அதற்குப் பிறகு வீட்டில் எனக்குச் சட்டை வாங்கியதும், என் பள்ளிக்கூட அறிக்கையில் கையெழுத்து வைத்ததும் அண்ணைதான். பத்தொன்பது வயதில் ஊரில் மூண்ட யுத்தம் அவரை லண்டனுக்குத் துரத்தியது.

மனோர் பார்க்கில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தார். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டே சிவில் என்ஜினியரிங் படித்தார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு எடுக்க அவருக்கு எட்டு வருடம் பிடித்தது. ஹீத்ரோவில் எங்களைக் கண்டதும் அம்மாவைக் கட்டிப்பிடிக்க முன்னம் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, இவ்வளவு உயரமா வளந்திட்டாய்?" என்று கேட்டார். அம்மாவை முந்தியதில் எனக்கு அன்றைக்கே ஒரு பெருமை. என் குணம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு இதிலேயே விளங்கியிருக்கும்.

நான் கல்யாணம் கட்டவில்லை. கவுன்சிலில் வேலை கிடைத்தது. அண்ணைக்கு அண்ணி வந்தார், மருமகள் பிறந்தாள், கிங்ஸ்பரியில் வீடு வாங்கினார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அந்த வீட்டில் அறை இருந்தது. அண்ணியோடு எனக்கு ஒரு நாளும் போட்டி வந்ததில்லை. அண்ணி தனக்குரிய இடத்தில் இருந்தார், நான் எனக்குரிய இடத்தில் இருந்தேன். தங்கை என்ற இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

அண்ணையின் தொழில் அணைக்கட்டுகளுக்குப் பின்னால் சேர்ந்து கிடக்கும் வண்டலைப் பற்றியது. அணையை எடுத்தால் அந்தச் சேறு எங்கே போகும், எவ்வளவு காலத்தில் போகும், கீழே உள்ள ஆற்றை என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் இங்கிலாந்தின் சிறிய ஆறுகளில் பழைய தடுப்புகளை எடுக்கும் வேலைகளுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் வடமேற்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஓர் ஆற்றில் மின்சாரத்துக்காக நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு கம்பெனி வரிசையாக அணைகள் கட்டியிருந்தது. கடலிலிருந்து முட்டையிட மேலே ஏறும் சால்மன் மீன்கள் முதலாவது சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டு நின்றன. அந்த ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை என்றென்றைக்கும் உங்களுடையதே என்று அரசாங்கம் அங்குள்ள பழங்குடிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. உரிமை கடதாசியில் இருந்தது. மீன்தான் இல்லை.

இந்த வேலையைப் பற்றி நம்மவர் சிலர் நக்கலடித்தது எனக்கு மறக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், "தகப்பன் குளக்கட்டைக் காத்து உங்களை வளத்தார், மகன் கட்டு உடைக்கப் போறார்" என்றார். அண்ணை கோபப்படவில்லை. "ஐயா, அப்பாவின்ர கட்டு ஊருக்குத் தண்ணி குடுத்தது. இது ஊரிட்ட இருந்து ஆத்தைப் பறிச்சது. ரெண்டும் கட்டுத்தான், ஆனா ரெண்டும் ஒண்டில்லை" என்று சொல்லிவிட்டு அவருக்கே பாயசம் ஊற்றினார்.

முதல் முறை மூன்று மாதம் என்று போனார். ஐந்து மாதம் நின்றார். பிறகு வருடாவருடம் போனார். திரும்பி வரும்போது அவருடைய வாயில் ஒரு பெயர் வந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண், தன் குடியின் சார்பில் ஆற்று விடயங்களைப் பார்ப்பவர், அண்ணைக்கு ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் காட்டிக் கொடுத்தவர். "அவ சொன்னா", "அவவுக்குத் தெரியும்", "அவவிட்டக் கேட்டன்." சாப்பாட்டு மேசையில் மூன்று வார்த்தைக்கு ஒரு "அவ". ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம். வீட்டில் தேத்தண்ணி போடத் தெரியாத மனிதர் அந்த ஆற்றங்கரையில் மீன் துப்புரவாக்கப் பழகியிருந்தார். என் பட்டமளிப்புப் படம் தொங்கிய இடத்தில் ஒரு நாள் பார்த்தால், அண்ணையும் அந்தப் பெண்ணும் ரப்பர் சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் படம். என் படம் மாடிப்படிக்குப் போயிருந்தது.

நான் அவவுக்கு ஆற்றுக்காரி என்று பெயர் வைத்தேன். அண்ணியிடம், "உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?" என்று கேட்டேன். அண்ணி காய் வெட்டிக்கொண்டே, "அவர் தனக்கு ஒரு தங்கச்சியை, எனக்கு ஒரு மச்சாளைக் கண்டுபிடிச்சிருக்கிறார். எனக்கு ஏற்கெனவே ஒராள் இருக்கிறா, அவவைச் சமாளிக்கிறதே பெரும்பாடு" என்றார். பெண்சாதிக்கே வராத பொறாமை எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மா இறந்த நேரமும் அண்ணை அங்கேதான் இருந்தார். அம்மாவைக் குளிக்கவார்த்து, தலை வாரி, மருந்து கொடுத்தது நான். கடைசியாக அவ கேட்டது மகனை. அவர் வந்து சேர இரண்டு நாள் ஆனது. கொள்ளி வைத்தார், காடாற்றினார். பத்தாம் நாள் திரும்பவும் விமானம் ஏறினார். அணைகளை எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் விசாரணை அந்த வாரம். சேறு இறங்கினால் ஆறு செத்துவிடும் என்று கம்பெனியின் ஆட்கள் சொல்ல இருந்தார்கள். இல்லை, இரண்டு மூன்று மாரிகாலத்தில் கழுவிப் போய்விடும் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியவர் அண்ணை.

அம்மாவுக்கான முப்பத்தொரு நாள் தீட்டு முடியவில்லை. "துடக்கோட போறியளோ?" என்று வாசலில் கேட்டேன்.

"துடக்கு என்னோடதான் வருது, பிள்ளை. அங்கயும் காப்பன்."

அந்த ஆண்டு முழுவதும் நான் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. அவர் அங்கே போய்ச் சொன்ன சாட்சியத்தை விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தியைக்கூட நான் மருமகளிடம்தான் கேட்டு அறிந்தேன்.

பிறகு ஆற்றுக்காரி லண்டனுக்கே வந்தார். அணைகளில் பங்கு வைத்திருந்தவர்களின் கூட்டம் ஒன்று இங்கே நடந்தது. வழக்குகளை இழுத்தடிக்காமல் அணைகளை விட்டுக் கொடுங்கள் என்று கேட்க அவர் வந்திருந்தார். ஹோட்டல் வேண்டாம் என்று அண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். மூன்று நாள். என் அறையில், என் கட்டிலில் அவர். முன்னறை சோபாவில் நான்.

கட்டையான, தோள் அகன்ற மனுசி. சிரித்தால் கண் மூடிவிடும். முதல் நாள் நான் வைத்த சொதியை இரண்டு கோப்பை குடித்தார். அண்ணை, "நான் சொன்னன் தானே?" என்பது போல அவரைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையும் பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் குசினியில் நானும் அவரும் தனியே நின்றோம். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ஓர் ஆற்றுக்காக ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "என் தகப்பனுக்கு மேலாற்றில் மீன் பிடிக்கும் இடம் எது என்று அவருடைய தகப்பன் காட்டியிருக்கிறார். அந்த இடத்தில் என் தகப்பன் ஒரு மீனைக்கூடக் கண்டதில்லை. ஆனாலும் எனக்கு அந்த இடத்தைக் காட்டினார். நான் என் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். மீன் வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மீனுக்குத்தான் வழி இல்லை."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் அன்றைக்கே இளகியிருப்பேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு, "சின்ன வயதில் குளத்தின் கதவுக்குள் செருப்பை விட்டுவிட்டு, தகப்பன் அடிப்பார் என்று அண்ணனைப் பழி ஏற்க வைத்தது நீங்கள்தானே?" என்றார். எனக்கும் அண்ணைக்கும் மட்டும் தெரிந்த கதை அது. அதையும் அண்ணை அவரிடம் கொடுத்துவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவர் திரும்பிப் போன அன்று விமான நிலையத்துக்கும் நான் போகவில்லை.

சில வருடங்களில் அணைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நீர்த்தேக்கங்களைத் திறந்துவிட்ட மாரியில் ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. செத்த மீன்கள் மிதக்கும் படங்களைப் போட்டு, ஆற்றைக் கொன்றவர்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அண்ணைக்கு அப்போதுதான் வயிற்றில் நோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். தன் நோயைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் காணவில்லை. காலையில் எழுந்ததும் ஆற்றின் கலங்கல் அளவைக் கணினியில் பார்ப்பார். "இன்னும் ஒரு மாரி குடுங்கோ எண்டு கேட்டனான். ஒருத்தரும் பொறுக்கினமில்லை" என்பார். தன் சொல்லை நம்பி ஒரு சனம் ஆற்றைத் திறந்துவிட்டிருக்கிறது, அது பொய்த்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பயம். அந்த மாதங்களில் அவருக்குக் கஞ்சி வைத்ததும், வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனதும் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்குப் பிறகுதான் அவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டார். அதுவும் என் கண்ணில் பட்டது.

கடைசி வாரத்தில் ஆற்றுக்காரி ஒரு வீடியோ அனுப்பினார். அணை இருந்த இடத்துக்கு மேலே, தெளிந்த தண்ணீரில், ஒரு பெரிய மீன் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வாலை அடித்துக்கொண்டு நின்றது. அண்ணை அதைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மருமகள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டாள். அன்று பின்னேரம்தான் அண்ணியைக் கூப்பிட்டு, "கல்வெட்டு அடிச்சா சகோதரங்களோட அவவின்ர பேரையும் போடுங்கோ" என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, பார்க்காமலும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் விடிய, நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, அண்ணை மூச்சை விட்டார்.

வலிமருந்தில் சொன்ன வார்த்தை அது, கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று நான் வாதாடினேன். இரத்த உறவு இல்லாதவரை வம்சாவளியில் போட்டால் சனம் என்ன நினைக்கும் என்றேன். மருமகள், "மாமி, திஸ் இஸ் நாட் ஃபேர். அப்பா கேட்டவர்" என்று அழுதாள். நண்பர்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாம் என்று நான் விட்டுக்கொடுத்தேன். அண்ணி, "நீர் விட்டுக்குடுக்கிற விதம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எழும்பிப் போனார்.

இதுவரை எழுதியது அந்தப் பக்கம் முடிவாக முன்னம், இனி வருவது முடிவான பிறகு. பத்தொன்பதாம் நாள் என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த முப்பத்தொரு நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அச்சகத்துக்குப் படங்கள் கொடுக்க வெம்பிளிக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் ரோல்ஸ் சூடாக வந்தது. மரக்கறி ரோல்ஸ் பக்கத்திலேயே இருந்தது. நான் மீன் ரோல்ஸ்தான் கேட்டேன். ஆசை வந்தது, லண்டனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பஸ் தரிப்பில் நின்று சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணைக்கு ஒரே தங்கை நான்தான் என்று அன்று பின்னேரமும் அண்ணியோடு சண்டை பிடித்தேன்.

இருபத்திரண்டாம் நாள் ஆற்றுக்காரி அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். மேலாற்றுக்கு மீன் வந்துவிட்டதாம். தகப்பன் காட்டிய அந்த இடத்தில் வலை போட்டாராம். பிடித்ததை முதலில் முதியவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். எங்கள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறோம் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒரு விடயம் சரியாகத் தெரிய வேண்டும். முப்பத்தோராம் நாள் என்பதை லண்டன் நேரப்படி பார்ப்பதா, எங்கள் நேரப்படி பார்ப்பதா?" என்றார்.

அண்ணிக்கு விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டார்.

"அவருடைய அம்மா இறந்த பத்தாம் நாள் அவர் எங்களிடம் திரும்பி வந்தார் அல்லவா? என் வீட்டில் மீன் வைத்தோம், அவர் தொடவில்லை. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் முப்பத்தொரு நாள் சாப்பிட மாட்டோம் என்றார். அவர் போன அன்றிலிருந்து நானும் சாப்பிடவில்லை. பேரப்பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள், உனக்கு என்ன ஆயிற்று என்று. பிழையான நாளில் முடித்துவிடக் கூடாது, அதுதான் கேட்டேன்."

மூன்று தலைமுறையாக வராத மீன். வருமோ வராதோ என்று அவர் வயதெல்லாம் காத்திருந்த மீன். அது வந்து, தன் கையால் பிடித்து, வீடு வீடாகக் கொடுத்து, சமைக்கும் மணத்தையும் மணந்துகொண்டு, என் அண்ணைக்காக வாயில் வைக்காமல் இருக்கிறார். நான் பஸ் தரிப்பில் மூன்று வாய்க்குள் ரோல்ஸை முடித்தவள். எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அண்ணை இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அதில் பாதி வெட்கம். மீதியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஏன் ஒளிக்க வேண்டும். அண்ணைக்கு என்னைவிட நல்ல துடக்கு அவர் காத்துவிட்டார்.

வெளியே வந்து அண்ணியிடம் ரோல்ஸ் கதையைச் சொன்னேன். அண்ணி திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும். உம்மட கோட்டில மணந்தது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தெரிந்துகொண்டே என்னோடு இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் நானே அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அங்குள்ள தம்பி நல்ல பிள்ளை, உடன்பிறந்தோர் வரிசையில் வெள்ளைக்காரப் பெயர் மாதிரி ஒன்று வருகிறதே, பிழையோ அக்கா என்று கேட்டார். பிழையில்லை என்றேன். எந்த இடத்தில் போட என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வம்சாவளியில் வயதுப்படிதான் வரிசை, அதை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. "அண்ணைக்குக் கீழ, எனக்கு மேல" என்றேன்.

அண்ணை பொறுமைசாலி. யாரிடமும் உரத்துப் பேசாதவர். தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லத் தெரிந்தவர். அவருடைய சொல் பொய்க்கவில்லை, ஆறு தெளிந்துவிட்டது.

அவர் நோயுற்றிருந்த காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டவுடன் ஓடி வந்த கிங்ஸ்பரி அயலவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் முறை வைத்து மரக்கறிச் சாப்பாடு கொண்டுவந்து தந்த குடும்பங்களுக்கும், கிரியைகளைச் செய்துவைத்த ஐயாவுக்கும், கடைசி நேரத்தில் பக்கத்தை மாற்றியும் சலிக்காமல் அச்சடித்துத் தந்த தம்பிக்கும், இன்று மண்டபத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆற்றங்கரையில் மச்சம் விலக்கியிருந்தவருக்கு இங்கே நான் நன்றி சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
இளைய தங்கை
கிங்ஸ்பரி, லண்டன்